ஹாருகாவின் பின்துடுப்புகள்: ஒரு டால்பினை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

ஜப்பானின் வக்காயாமா மாநிலத்தில் தாய்ஜி என்றொரு சின்னக் கடற்கரை ஊர் இருக்கிறது. டால்பின் கூட்டங்களைப் படகுகளால் மடக்கி, குடாவுக்குள் ஓட்டிவந்து பிடிப்பது அந்த ஊரின் தொழில். அதற்காக உலகம் முழுக்கத் திட்டு வாங்கும் ஊரும் அதுதான். 2006 அக்டோபர் 28 அன்று அப்படி மடக்கிய கூட்டத்தில் ஒரு பாட்டில்நோஸ் டால்பின் மட்டும் வேறு மாதிரி இருந்தது. வயிற்றின் அடிப்பக்கம், வால் தொடங்குவதற்கு முன்னால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துடுப்புகள் கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் மனிதக் கையளவு.

பிடித்தவர்கள் அதை இறைச்சிக்கு அனுப்பவில்லை. உள்ளூர்த் திமிங்கல அருங்காட்சியகத்தின் தொட்டிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பெண் டால்பின்; வயது சுமார் ஐந்து; நீளம் 2.72 மீட்டர். ஹாருகா என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வாரமே செய்தி உலகம் முழுக்கப் பரவியது: "நான்கு கால் டால்பின்". 2013 ஏப்ரலில் ஹாருகா இறந்துபோனது.

டால்பினின் சாதாரண உடலமைப்பு தெரிந்தால்தான் இது எவ்வளவு விசித்திரம் என்பது புரியும். மார்புப் பக்கத்தில் இரண்டு துடுப்புகள், முதுகில் ஒன்று, கடைசியில் படுக்கைவாட்டில் விரிந்த வால். இவற்றில் எலும்புள்ளவை முன்துடுப்புகள் மட்டுமே. அவற்றுக்குள் மேற்கை, முன்கை, மணிக்கட்டு, விரல்கள் என்று நம் கையில் இருக்கும் வரிசை அப்படியே இருக்கும். முதுகுத் துடுப்பிலும் வால் மடல்களிலும் எலும்பே கிடையாது. அங்கே இருப்பது உறுதியான நார்த்திசு. உடலின் பின்பாதியில் முதுகெலும்புக்கு வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஹாருகாவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

இந்த ஒரு விலங்கை வைத்துக்கொண்டு நியாயமாக என்ன சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை. செய்திகளில் "பரிணாமத்துக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரி தப்பில்லை. ஆனால் ஹாருகா தனியாக எதையும் நிரூபிக்கவில்லை. அதற்குக் கனம் வந்தது, ஏற்கெனவே இருந்த சாட்சிகளோடு அது சேர்ந்துகொண்டதால்.

இதற்கு முன்

முதல் கேள்வி இயல்பானது. இது வெறும் பிறவிக் குறையாக இருக்கக்கூடாதா? ஆடு இரண்டு தலையோடு பிறக்கிறது, கோழிக்குஞ்சு மூன்று காலோடு பொரிக்கிறது. அதையெல்லாம் யாரும் முன்னோர் வரலாறு என்று சொல்வதில்லையே.

இதற்குப் பதில் சொல்ல 1919-க்குப் போக வேண்டும். கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர் தீவுக்கு அருகே, கையூகாட் என்ற திமிங்கல வேட்டை நிலையத்தைச் சேர்ந்த கப்பல் ஒன்று அந்த ஆண்டு ஜூலையில் ஒரு பெண் ஹம்ப்பேக் திமிங்கலத்தைப் பிடித்தது. அதன் உடலின் பின்பகுதியில், இரு பக்கமும், நாலடிக்கும் சற்று அதிகமான நீளத்தில் இரண்டு உறுப்புகள் துருத்திக்கொண்டிருந்தன. உள்ளே கிடைத்த எலும்புகள் விக்டோரியாவில் உள்ள மாகாண அருங்காட்சியகத்துக்கும், அங்கிருந்து நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் போய்ச் சேர்ந்தன. அங்கே அவற்றை ஆராய்ந்து 1921-இல் எழுதியவர் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ். பிற்பாடு கோபிப் பாலைவனத்தில் டைனோசர் முட்டைகளுக்காகப் புகழ்பெற்ற அதே ஆண்ட்ரூஸ்தான். அதற்கு முன் அவர் திமிங்கல ஆள்.

அவர் கண்டது உருவமில்லாத எலும்புக் கட்டி அல்ல. கணைக்கால் எலும்பு, கணுக்கால் பகுதி, பாத எலும்பு என்று அடையாளம் சொல்லக்கூடிய துண்டுகள், சில எலும்பாகவும் சில குருத்தெலும்பாகவும். முக்கியம் என்னவென்றால், அவை இருந்த வரிசை. ஒரு நாயின் பின்னங்காலில் எந்த வரிசையில் இருக்குமோ அதே வரிசை.

பிறவிக் குறைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். கோழிக்குஞ்சின் மூன்றாவது கால், அதனிடம் ஏற்கெனவே இருக்கும் உறுப்பின் நகல். திமிங்கலத்தின் பின்னங்கால் எதன் நகலும் இல்லை. அந்த இனத்தில் யாரிடமும் அது இல்லை. இல்லாத ஒன்று, சரியான இடத்தில், சரியான ஜோடியாக, சரியான எலும்பு வரிசையோடு முளைக்கிறது. இதை முன்னோர்ப் பண்பு மீள்தல் என்பார்கள்.

இன்னும் சில பதிவுகள் உண்டு. 1950-களில் ஜப்பானில் பிடிபட்ட ஒரு ஸ்பெர்ம் திமிங்கலம், 1965-இல் விவரிக்கப்பட்ட ஒரு வரி டால்பின். இந்த இரண்டாவதை விவரித்தவர் ஜப்பானியத் திமிங்கல ஆய்வாளர் செய்ஜி ஓசுமி. நாற்பது வருடம் கழித்து ஹாருகா பிடிபட்டபோது, இது பின்னங்காலின் எச்சமாக இருக்கலாம் என்று பத்திரிகைகளுக்கு விளக்கியவரும் அவரேதான். இப்படியான ஒன்றை வாழ்நாளில் இரண்டு முறை பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கால் முளைத்த திமிங்கலம் உண்டு. செவுள் முளைத்த திமிங்கலம் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. கடலில் வாழும் விலங்குக்குக் காலைவிடச் செவுள் எவ்வளவோ உபயோகம். சிறகு முளைத்த திமிங்கலமும் கிடையாது. பழையது திரும்பி வருகிறது என்றால், அந்தப் பரம்பரையில் இருந்ததுதான் வருகிறது.

ஒவ்வொரு திமிங்கலத்துக்குள்ளும்

ஹாருகாவும் வான்கூவர் ஹம்ப்பேக்கும் அபூர்வம். ஆனால் அபூர்வமில்லாத ஒன்று இருக்கிறது, அதுதான் என் பார்வையில் பெரிய சாட்சி. கிட்டத்தட்ட எல்லாத் திமிங்கலங்களுக்கும் டால்பின்களுக்கும் உடலுக்குள் இடுப்பெலும்பு இருக்கிறது.

தூத்துக்குடி மாவட்டத்தில் மணப்பாடு, திருச்செந்தூர் கரையோரமாக 2016 ஜனவரியில் குறுந்துடுப்புப் பைலட் திமிங்கலங்கள் கூட்டமாக ஒதுங்கியது பலருக்கும் நினைவிருக்கும். மீனவர்கள் இழுத்துக் கடலுக்குள் விட்டும் பல திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டவை செத்துப்போயின. 1973 ஜனவரியிலும் அதே கரையில் 147 ஒதுங்கியிருந்தன. அப்படிக் கிடந்த ஒவ்வொரு உடலிலும், பிறப்புறுப்புப் பிளவுக்கு இரு பக்கமும், சதைக்குள் ஆழத்தில், மெல்லிய கம்பு போல ஓர் எலும்பு இருந்திருக்கும். வெளியிலிருந்து தெரியாது. எலும்புக்கூட்டைக் காட்சிக்கு மாட்டும்போது இது ஒரு தலைவலி. முதுகெலும்போடு எந்த மூட்டிலும் அது சேர்வதில்லை என்பதால், கம்பி கட்டித் தொங்கவிட வேண்டும். எந்த அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்தாலும், வால் பக்கமாக நடந்து போய், அந்தரத்தில் தொங்கும் இரண்டு சின்ன எலும்புகள் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். சில இடங்களில் அவற்றைத் தொலைத்துவிட்டிருப்பார்கள்.

தரையில் நடக்கும் பாலூட்டிகளில் இடுப்பெலும்பு முதுகெலும்போடு இறுகப் பிணைந்திருக்கும். உடலின் பாரம் அந்த வழியாகத்தான் காலுக்கு இறங்குகிறது. பாரமே இல்லாத கடலில், காலே இல்லாத உடலில், அந்த எலும்பு முதுகெலும்பிலிருந்து கழன்று, சுருங்கி, சதைக்குள் மிதக்கிறது.

சில இனங்களில் கதை இன்னும் ஒரு படி மேலே. ஆர்க்டிக் கடலில் வாழும் போஹெட் திமிங்கலத்தில் இடுப்பெலும்போடு ஒரு குட்டித் தொடையெலும்பும், அதற்கும் கீழே கணைக்கால் எலும்பின் மிச்சமும் இருக்கும். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ஜான் ஸ்ட்ரதர்ஸ் இதை நுணுக்கமாக அறுத்துப் பார்த்து 1881-இல் எழுதினார். வெறும் எலும்புத் துண்டுகளை எண்ணிவிட்டு அவர் நிறுத்தவில்லை. தொடையெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே மூட்டு, அதைச் சுற்றித் தசைநார்கள், தசைகள் எல்லாவற்றையும் விவரித்தார். ஒருபோதும் உடலுக்கு வெளியே வராத காலுக்கு இடுப்பு மூட்டு. நீரில் வாழ்வதற்கென்று புதிதாகத் திட்டமிட்ட விலங்கு என்றால் இந்த மூட்டுக்கு என்ன வேலை?

"ஆனால் அதற்குத்தான் வேலை இருக்கிறதே"

இங்கேதான் வழக்கமான மறுப்பு வரும். அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை.

திமிங்கலத்தின் இடுப்பெலும்புக்கு நிஜமாகவே வேலை உண்டு. ஆண்களில் ஆணுறுப்பின் அடிப்பகுதியும் அதை அசைக்கும் தசைகளும் இந்த எலும்பில்தான் பிடித்திருக்கின்றன. 2014-இல் ஜிம் டைன்ஸ், மாத்யூ டீன் குழுவினர் அருங்காட்சியகங்களில் இருந்த திமிங்கல, டால்பின் இடுப்பெலும்புகளை முப்பரிமாணத்தில் அளந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எந்த இனங்களில் பெண்கள் பல ஆண்களோடு இணைகின்றனவோ, அதாவது ஆண்களுக்குள் போட்டி கடுமையோ, அங்கே விரைகள் பெரிதாக இருக்கும். ரைட் திமிங்கலத்தில் இரண்டு விரைகளும் சேர்ந்து ஒரு டன்னை நெருங்கும்! அப்படிப்பட்ட இனங்களில் உடல் அளவோடு ஒப்பிட்டாலும் இடுப்பெலும்பு பெரிதாக இருந்தது. ஒப்பீட்டுக்காக அதே விலங்குகளின் விலா எலும்பையும் அளந்தார்கள். அதில் இந்தப் போக்கு இல்லை. ஆக, இந்த எலும்பு சும்மா தேய்ந்து மறையக் காத்திருக்கும் குப்பை இல்லை. இயற்கைத் தேர்வு இன்றைக்கும் அதைச் செதுக்கிக்கொண்டிருக்கிறது.

இந்த ஆய்வு வந்ததும் பரிணாமத்தை ஏற்காதவர்கள் பலர் கொண்டாடினார்கள். "பாருங்கள், பயனற்ற உறுப்பு என்றீர்கள், பயன் இருக்கிறது, ஆகவே எச்ச உறுப்பு என்ற வாதமே போச்சு." அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எச்ச உறுப்பு என்றால் வேலையே இல்லாத உறுப்பு என்று பல தலைமுறை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது பாடப்புத்தகங்கள்தான். குடல்வால், வால் எலும்பு, ஞானப்பல் என்று ஒரு பட்டியல், பக்கத்தில் "பயனற்றவை" என்று ஒரு வரி. பரீட்சைக்கு அது போதும். ஆனால் டார்வின் 1859-லேயே அப்படிச் சொல்லவில்லை. ஓர் உறுப்பு ஒரு வேலைக்குப் பயனற்றுப் போய், இன்னொரு வேலைக்காகத் தங்கிவிடலாம் என்பதை அவர் அப்போதே தெளிவாக எழுதியிருக்கிறார்.

பல வீடுகளில் இப்போது ஆட்டுக்கல் கொல்லையில் பூந்தொட்டியாக இருக்கிறது. குழியில் மண் போட்டுத் துளசி வைத்திருப்பார்கள். அதற்கு வேலை இல்லை என்று சொல்ல முடியுமா? ஆனால் நடுவில் அந்தக் குழி ஏன் அவ்வளவு வழவழப்பாக, அந்த வடிவத்தில் இருக்கிறது என்பதற்குத் துளசி விளக்கம் ஆகாது.

இடுப்பெலும்பும் அப்படித்தான். நிலத்துப் பாலூட்டிகளிலும் ஆணுறுப்பின் அதே தசைகள் அதே இடுப்பெலும்பில்தான் பிடித்திருக்கின்றன. அந்த எலும்புக்கு அங்கே இரண்டு வேலை: காலைத் தாங்குவது, இனப்பெருக்க உறுப்பைத் தாங்குவது. திமிங்கலத்தில் முதல் வேலை போய்விட்டது, இரண்டாவது மிச்சம். எலும்பு ஏன் இன்னும் இருக்கிறது என்பதற்கு இந்த வேலை பதில் சொல்கிறது. தசைக்குப் பிடிமானமாக இருப்பது ஏன் குறிப்பாக ஓர் இடுப்பெலும்பு, அதன் ஓரத்தில் போஹெட்டுக்கு ஏன் தொடையெலும்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது பதில் சொல்லவில்லை. அதற்குப் பழைய கதை தேவை.

நம் ஊர் மலைப்பாம்பிலும் இதையே பார்க்கலாம். அதன் கழிவுத்துளைக்கு இரு பக்கமும் சின்ன நகம் போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே தொடையெலும்பின் மிச்சம். ஆண் பாம்பு இணையும்போது அதைப் பெண்ணின் உடலில் உரசப் பயன்படுத்துகிறது. வேலை உண்டு, காலின் எச்சமும்தான்.

கால் எப்படித் திரும்பி வர முடிகிறது?

ஹாருகாவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. திமிங்கலங்கள் வெளிக்காலை முழுக்க இழந்து மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அத்தனை காலம் பயன்படுத்தாத ஒரு செய்முறை டிஎன்ஏவில் கெட்டுப்போகாமல் எப்படி இருந்தது?

பதில் கருவில் இருக்கிறது. டால்பின் கருவில் முதல் சில வாரங்களில் கை-கால்களாக வளர வேண்டிய நான்கு மொட்டுகளும் தோன்றுகின்றன. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. அந்தக் கட்டத்தில் பார்த்தால் அது நாய்க்குட்டியின் கருவா டால்பின் கருவா என்று சாதாரண ஆளுக்குச் சொல்வது கஷ்டம். முன் மொட்டுகள் வளர்ந்து துடுப்பாகின்றன. பின் மொட்டுகள் கொஞ்சம் புடைத்து, பிறகு அமுங்கி, உடலோடு கலந்து மறைந்துவிடுகின்றன.

ஏன் அமுங்குகின்றன என்பதை 2006-இல், ஹாருகா பிடிபட்ட அதே ஆண்டில், திமிங்கலப் பரிணாம ஆய்வாளர் ஹான்ஸ் தெவிஸ்ஸன் குழுவினர் புள்ளி டால்பின் கருக்களில் பார்த்தார்கள். கால் வளர்வதற்கு மொட்டின் நுனியில் ஒரு மேடு உருவாகி வளர்ச்சிச் சமிக்ஞை அனுப்ப வேண்டும். டால்பினின் பின் மொட்டில் அது நடக்கிறது. அடுத்து, மொட்டின் பின்னோரத்தில் சானிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு இயங்க வேண்டும். (வீடியோ கேம் பாத்திரத்தின் பெயரை வைத்தவர்களை என்ன சொல்ல!) இதுதான் காலை நீட்டுவது, விரல்களை வரிசைப்படுத்துவது. டால்பினின் பின் மொட்டில் அது இயங்கவே இல்லை. அதை எழுப்பிவிட வேண்டிய இன்னொரு மரபணுவும் அங்கே ஊமையாக இருந்தது. வேலை தொடங்கி, இரண்டாம் கட்டத்தில் நின்றுவிடுகிறது.

சானிக் ஹெட்ஜ்ஹாக் மரபணு டால்பினிடம் இல்லாமல் போகவில்லை. அதே மரபணு முன்துடுப்பை உருவாக்க வேண்டும், மூளையை, முதுகுத்தண்டை வடிவமைக்க வேண்டும். அதை இழந்த கரு பிழைக்கவே பிழைக்காது. அதனால் கால் செய்யத் தேவையான கருவிகள் எல்லாம் வேறு வேலைகளில் பத்திரமாக இருக்கின்றன. பின் மொட்டில் அவற்றை இயக்கும் உத்தரவு மட்டும் விட்டுப்போயிருக்கிறது. ஏதோ ஒரு திடீர் மாற்றத்தால் அந்த உத்தரவு கொஞ்சமாகவேனும் திரும்பினால், அரைகுறையாக ஒரு கால் வரும். நன்றாக வளர்ந்த குதிரைக்கால் வராது. ஹாருகாவுக்கு வந்தது போல ஒரு கையளவு துடுப்பு.

இப்போது எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். நீலத் திமிங்கலம், ஹம்ப்பேக் போன்ற பலீன் திமிங்கலங்களுக்குப் பல் கிடையாது. வாயில் தொங்கும் பலீன் தகடுகளால் கடல்நீரை வடிகட்டித் தின்கின்றன. ஆனால் அவற்றின் கருவில் பல் மொட்டுகள் தோன்றி, பிறப்பதற்கு முன்பே கரைந்துவிடுகின்றன. இது டார்வினுக்கும் முன்பே தெரிந்த விஷயம். அப்படியானால் காலைப் போலப் பல்லும் என்றைக்காவது திரும்பி வருமா?

எனாமல் பூசிய நல்ல பல்லாக வரவே வராது. எனாமல் உருவாக்கும் புரதங்களின் மரபணுக்கள் இந்தத் திமிங்கலங்களின் டிஎன்ஏவில் இருக்கின்றன, ஆனால் உடைந்துபோய். எழுத்துகள் விடுபட்டு, நடுவில் நிறுத்தக் குறிகள் விழுந்து, படிக்க முடியாத நிலையில். ஏன்? எனாமல் செய்வதைத் தவிர அந்த மரபணுக்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. பல் போனதும் அவற்றைக் காக்க யாருமில்லை. பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. ஜான் கேட்ஸி, மார்க் ஸ்ப்ரிங்கர் முதலியோர் 2009-இலும் 2011-இலும் வெளியிட்ட ஆய்வுகள் இதைக் காட்டின. அதில் ஒரு நுணுக்கம்: எனாமலுக்குத் தேவையான ஒரு மரபணுவில், சோதித்துப் பார்த்த பலீன் திமிங்கலங்கள் அனைத்திலும், ஒரே இடத்தில் ஒரே அந்நிய டிஎன்ஏ துண்டு வந்து செருகியிருக்கிறது. தனித்தனியாகப் பத்து இனங்களில் ஒரே பிழை ஒரே எழுத்தில் விழாது. பொது முன்னோர் ஒன்றில் ஒருமுறை விழுந்து, எல்லோருக்கும் சொத்தாக வந்திருக்கிறது.

காலையும் பல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் இழந்த உறுப்புகள். ஒன்று எப்போதாவது திரும்புகிறது, மற்றது திரும்ப வழியில்லை. எந்தக் கருவிக்கு வேறு வேலை இருந்தது, எதற்கு இல்லை என்பதே இந்த வித்தியாசத்தை முழுக்க விளக்குகிறது. இவ்வளவு துல்லியமாகப் பழுதடைந்த ஒன்றுக்கு, ஒரு காலத்தில் அது ஒழுங்காக வேலை செய்தது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

கற்களில் இருப்பது

உடலும் கருவும் மரபணுவும் ஒரு கதையைச் சொல்கின்றன: திமிங்கலத்துக்குக் கால் இருந்தது. அப்படியென்றால் கால் உள்ள திமிங்கலம் பாறையில் கிடைக்க வேண்டும். கிடைத்தது.

எகிப்தின் ஃபாயூம் பாலைவனத்தில் வாதி அல்-ஹிதான் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. இன்று யுனெஸ்கோ பாரம்பரிய இடம். ஒரு காலத்தில் கடலடித் தரை. அங்கே மணலில் நூற்றுக்கணக்கான பழந்திமிங்கலங்கள் கிடக்கின்றன. பெரியது பாசிலோசாரஸ்: பதினைந்து மீட்டரைத் தாண்டும், பாம்பு போல நீண்ட உடல். முதலில் 1834-இல் அமெரிக்காவில் கிடைத்த எலும்புகளை வைத்து ரிச்சர்ட் ஹார்லன் இதை ஊர்வன என்று நினைத்துப் பல்லிப் பெயர் வைத்துவிட்டார். பற்களைப் பார்த்த ரிச்சர்ட் ஓவன் பாலூட்டி என்று திருத்தினார். விதிமுறைப்படி முதல் பெயர் நிலைத்துவிட்டது. 1990-இல் ஃபிலிப் கிங்கரிச், ஹோலி ஸ்மித், எல்வின் சைமன்ஸ் மூவரும் அதன் பின்னங்கால்களைக் கண்டெடுத்ததாக அறிவித்தார்கள். தொடை, முழங்கால் சில்லு, கணைக்கால், கணுக்கால், மூன்று விரல்கள் எல்லாமே உண்டு. ஆனால் அவ்வளவு பெரிய உடலுக்குக் காலின் நீளம் சுமார் இரண்டடி! நடக்கவும் முடியாது, நீந்தவும் உதவாது. இணையும்போது பிடிமானத்துக்கு உதவியிருக்கலாம் என்று அவர்கள் ஊகித்தார்கள்.

அதற்கும் பின்னால் போனால் கதை நம் துணைக்கண்டத்துக்கு வந்துவிடுகிறது. இந்தியா ஆசியாவோடு மோதிக்கொண்டிருந்த காலம். நடுவில் இருந்த ஆழமற்ற டெதிஸ் கடலின் ஓரங்கள்தான் திமிங்கலங்களின் பிறந்த வீடு. பாகிஸ்தானில் பாக்கிசீட்டஸ், நடக்கவும் நீந்தவும் தெரிந்த அம்புலோசீட்டஸ். குஜராத்தின் கட்ச் பகுதியில் அசோக் சாஹ்னி, சுனில் பாஜ்பாய் போன்றவர்கள் விவரித்த பழந்திமிங்கலங்கள். எல்லாம் சுமார் ஐந்து கோடி ஆண்டுகளிலிருந்து நாலு கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டவை.

இதில் இந்தோஹையஸ் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. ஜம்மு-காஷ்மீரின் ரஜௌரி மாவட்டத்தில் காலகோட் என்ற இடத்தில் ரங்க ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் ஏராளமான எலும்புப் பாறைகளைச் சேகரித்திருந்தார். இந்தோஹையஸ் என்று 1971-இல் அவர் பெயர் வைத்தது ஒரு சின்ன குளம்பு விலங்குக்கு. அவர் இறந்த பிறகு, உடைக்கப்படாமல் கிடந்த பாறைகளை அவர் மனைவி தெவிஸ்ஸனிடம் ஒப்படைத்தார். அமெரிக்காவில் பாறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்த தொழில்நுட்ப உதவியாளர் தவறுதலாக ஒரு மண்டையோட்டின் காதுப் பகுதியை உடைத்துவிட்டார். உடைந்த குறுக்குவெட்டில் பார்த்தால், காதெலும்பின் உட்சுவர் தடித்திருந்தது. அப்படிப்பட்ட காது திமிங்கல வம்சத்துக்கே உரிய அடையாளம் என்று அதுவரை கருதப்பட்டது. பூனை அளவு உடல், மான் போன்ற கால்கள், திமிங்கலக் காது. 2007 டிசம்பரில் வெளியான அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் பாஜ்பாயும் ஒருவர்.

இதற்குப் பல ஆண்டுகள் முன்பே டிஎன்ஏ ஆய்வுகள் திமிங்கலத்துக்கு உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவு நீர்யானை என்று சொல்லிவிட்டன. கிங்கரிச் அதை நம்பவில்லை. வேறொரு அழிந்த ஊனுண்ணிக் குடும்பத்தைத்தான் மூதாதை என்று கருதினார். பலுசிஸ்தானில் அவர் குழுவுக்கே ஒரு பழந்திமிங்கலத்தின் கணுக்கால் எலும்பு கிடைத்தது. இருபுறமும் கப்பி போல உருண்ட எலும்பு. ஆடு, மாடு, மான், பன்றி, நீர்யானை என்று இரட்டைக் குளம்பு விலங்குகளுக்கு மட்டுமே உரிய அமைப்பு. 2001-இல் தன் பழைய கருத்தைக் கைவிட்டு அவரே அதை எழுதினார்.

இன்னொரு சோதனை: ஆவுளியா

ஒரே ஒரு வம்சத்தை வைத்துச் சொல்லும் விளக்கத்தை நான் முழுக்க நம்பமாட்டேன். வேறு இடத்திலும் பலித்தால்தான் அதற்கு மதிப்பு. அப்படி ஓர் இடம் நமக்கு மிக அருகில், பாக் நீரிணையில் இருக்கிறது.

நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசுவும் பின்னங்கால் இல்லாத கடற்பாலூட்டிதான். பார்க்க டால்பின் வாலும் துடுப்பும் கொண்டிருந்தாலும் அதன் உறவு யானையோடு; திமிங்கலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நிலத்திலிருந்து கடலுக்குத் தனியாக, வேறு பாதையில் இறங்கிய வம்சம். அதற்காகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

திமிங்கலத்தை வைத்துச் சொன்னது சரியென்றால், ஆவுளியாவிடமும் இரண்டு விஷயங்களை எதிர்பார்க்கலாம். உடலுக்குள் காலின் மிச்சம் இருக்க வேண்டும். அதன் மூதாதைகளில் எங்கோ நான்கு காலில் நடந்தது ஒன்று கிடைக்க வேண்டும்.

முதலாவது இருக்கிறது. ஆவுளியாவின் பின்பகுதியில் சதைக்குள் ஒரு ஜோடி நீண்ட இடுப்பெலும்புகள், காலோடு தொடர்பில்லாமல். திமிங்கலத்தைப் போலவே இங்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்த எலும்பின் வடிவம் வேறுபடுகிறது; கால் போன பிறகு அதற்கு எஞ்சிய வேலை எது என்பதை இந்த வேறுபாடே காட்டிக்கொடுக்கிறது. இரண்டாவதை டேரில் டோம்னிங் 2001-இல் அறிவித்தார்: ஜமைக்காவின் சுமார் ஐந்து கோடி ஆண்டுப் பாறையிலிருந்து, பன்றி அளவில், பெசோசைரன் என்ற கடற்பசு. கடற்பசுவுக்கே உரிய கனத்த விலா எலும்புகள், முதுகெலும்போடு சேர்ந்த இடுப்பு, தரையில் உடலைத் தாங்கும் நான்கு கால்கள்.